‘முழுகாமல்’ என்ற சொல்லும் தவறவிட்ட குளிசையும்

(கல்லூரியின் நூற்றாண்டையொட்டிப் பழைய மாணவிகளுக்காக நடத்தப்பட்ட சுகாதாரக் கருத்தரங்கில், பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பெண்களின் சுகாதாரம் பற்றி அரை மணித்தியாலம் பேச வேண்டும் என்று செயலாளர் அக்கா தொலைபேசியில் கேட்டார். "என்ன தலைப்பு அக்கா?" என்றேன். "சலரோகம், பிரஷர், உமக்குத் தெரியாததே, ஏதாவது சொல்லும் பிள்ளை" என்றார். சலரோகம் பற்றியும் பிரஷர் பற்றியும் நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். ஒருவரும் மேடையில் பேசாத, ஆனால் என் கிளினிக்கில் கிழமைக்கு ஒருவராவது கதவைச் சாத்திவிட்டுக் கேட்கிற ஒரு விடயத்தை இன்று எடுத்திருக்கிறேன். "டொக்டர், குளிசை இரண்டு மூன்று நாள் விட்டுப்போச்சு. இப்ப நாள் பிந்திப்போச்சு. என்ன செய்யிறது?" இதுதான் அந்தக் கேள்வி.

இந்த மண்டபத்துக்குப் பக்கத்து வகுப்பறையில்தான் நான் விஞ்ஞானம் படித்தேன். இனப்பெருக்கம் என்ற அத்தியாயம் வந்ததும், "இதை வீட்டிலை வாசிச்சுக்கொண்டு வாங்கோ" என்று ரீச்சர் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விட்டார். நாங்களும் தலையைக் குனிந்து சிரித்துவிட்டு அதோடு விட்டுவிட்டோம். ரீச்சரில் பிழை சொல்ல மாட்டேன். அவருக்கும் அவருடைய ரீச்சர் அப்படித்தான் சொல்லியிருப்பார். ஆனால் அன்று தாண்டிப்போன அத்தியாயத்தை எங்களில் பலர் இன்னும் வாசிக்கவில்லை. இன்று அதில் ஒரு பக்கத்தைச் சேர்ந்து வாசிப்போம்.

எங்கள் ஊரில் ஒரு பெண் கர்ப்பமாக இருந்தால், "அவ முழுகாமல் இருக்கிறா" என்போம். மாதவிடாய் முடிந்து தலைமுழுகும் வழக்கத்திலிருந்து வந்த சொல் அது. நாள் தள்ளிப்போனால் வயிற்றில் பிள்ளை என்ற எண்ணம் எங்கள் மொழிக்குள்ளேயே இருக்கிறது. பெரும்பாலும் அது சரிதான். ஆனால் முழுகாமல் இருக்கும் எல்லோரும் கர்ப்பிணிகள் அல்ல. அதேபோல, கொஞ்சம் இரத்தம் பட்டுவிட்டது என்பதற்காகக் கர்ப்பம் இல்லை என்றும் சொல்ல முடியாது. இந்த இரண்டையும் விளங்கிக்கொண்டால் பாதிப் பயமும் பாதி ஆபத்தும் குறையும்.

முதலில் என்னுடைய கதையைச் சொல்கிறேன். எனக்கு அப்போது வயது 33. மூத்த பிள்ளைக்கு மூன்று வயது. கருத்தடைக் குளிசை போட்டுக்கொண்டிருந்தேன். இரவுக் கடமைகள் அடுத்தடுத்து வந்த ஒரு கிழமையில் இரண்டு குளிசைகள் விடுபட்டன. அந்த மாதம் நாள் பிந்தியது. ஐந்து நாள், ஏழு நாள், ஒன்பது நாள். நான் ஒரு வைத்தியர். வாட்டில் எத்தனையோ பேருக்கு இந்தப் பரிசோதனையை எழுதிக் கொடுத்தவள். ஆனால் எனக்கென்று ஒரு பரிசோதனைப் பட்டி வாங்க, என்னைத் தெரியாத ஓர் ஊரின் பாமசிக்கு பஸ் ஏறிப் போனேன். முகத்தைப் பார்க்காமல் காசைக் கொடுத்தேன். கணவருக்குக்கூட முடிவு வந்த பிறகுதான் சொன்னேன். முடிவு இல்லை என்றே வந்தது. ஒரு கிழமை கழித்து மறுபடி செய்தேன், அதுவும் இல்லை. பிறகு மாதவிடாய் தானாகவே வந்தது. எல்லாம் தெரிந்த எனக்கே இவ்வளவு வெட்கமென்றால், ஒன்றும் சொல்லித்தரப்படாத ஒரு பெண் எவ்வளவு தவித்திருப்பாள் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இனிக் குளிசைக்கு வருவோம். எங்கள் நாட்டில் பலருக்கும் தெரிந்த பெயர் ‘மிதுரி’. சிங்களத்தில் தோழி என்று பொருள். இலங்கைக் குடும்பத் திட்டச் சங்கம் 1953இல் தொடங்கியது. அது அறிமுகப்படுத்திய குளிசை இது. ஒரு பக்கற்றில் 28 குளிசைகள். வெள்ளை நிறத்தில் உள்ள 21இலும் ஈஸ்திரஜன், புரொஜெஸ்தரோன் வகையைச் சேர்ந்த இரண்டு ஓமோன்கள் உண்டு. மண்ணிறத்தில் உள்ள 7இலும் ஓமோன் இல்லை, இரும்புச்சத்து மட்டும்தான். வெள்ளைக் குளிசை சூலகத்தை ஓய்வில் வைத்திருக்கிறது. சூல் வெளிவராவிட்டால் கருக்கட்டல் இல்லை. மண்ணிறக் குளிசைகளின் நாட்களில் ஓமோன் குறைவதால் இரத்தப்போக்கு வருகிறது.

ஒழுங்காகப் போட்டால், ஓர் ஆண்டில் 100 பெண்களில் ஒருவருக்கும் குறைவாகவே கர்ப்பம் தரிப்பர். ஆனால் நாங்கள் மனிதர்கள். மறப்போம், பக்கற் முடிந்துவிடும், வீட்டில் ஒரு சாவு வரும். அப்படி நடைமுறையில் போடுகிறபோது அந்தக் கணக்கு 100இல் ஏறத்தாழ 7 பேராக உயர்கிறது. ஆகவே குளிசை போட்டும் கர்ப்பம் வந்த பெண்ணைப் பொய்க்காரி என்றோ கவனமில்லாதவள் என்றோ நினைக்காதீர்கள்.

விடுபட்டால் என்ன செய்வது? இதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு வெள்ளைக் குளிசை மட்டும் விடுபட்டால், நினைவு வந்த உடனே அதைப் போடுங்கள். அடுத்ததை வழமையான நேரத்தில் போடுங்கள். ஒரே நாளில் இரண்டு போட வேண்டி வந்தாலும் பயமில்லை. வேறு பாதுகாப்புத் தேவையில்லை.

இரண்டு அல்லது அதற்கு மேல் விடுபட்டால், கடைசியாக விடுபட்ட ஒன்றை மட்டும் உடனே போடுங்கள். அதற்கு முந்தியவற்றை விட்டுவிடுங்கள். மீதியைத் தொடருங்கள். தொடர்ந்து 7 நாட்களுக்கு வெள்ளைக் குளிசை போட்டு முடியும்வரை ஆணுறை பாவியுங்கள், அல்லது உறவைத் தவிருங்கள். சூலகம் திரும்பவும் ஓய்வுக்குப் போக அந்த 7 நாள் வேண்டும்.

பக்கற்றின் மூன்றாவது கிழமையில் இப்படி நடந்தால், வெள்ளைக் குளிசைகளை முடித்துவிட்டு மண்ணிறத்தை விட்டு நேரே புதிய பக்கற்றைத் தொடங்குங்கள்.

முதலாவது கிழமையில் விடுபடுவதுதான் கூடிய ஆபத்து. ஏனென்றால் அதற்கு முந்திய 7 நாளும் ஓமோன் இல்லாமல்தான் இருந்திருக்கிறீர்கள். இடைவெளி நீளும்போது சூலகம் விழித்துக்கொள்ளும். அந்தக் கிழமையில் இரண்டுக்கு மேல் விடுபட்டு, கடந்த 5 நாட்களுக்குள் உறவும் நடந்திருந்தால், அவசர கருத்தடை பற்றி அன்றே ஒரு வைத்தியரிடம் அல்லது மருந்தாளரிடம் கேளுங்கள். மண்ணிறக் குளிசை விடுபட்டால் ஒன்றும் ஆகாது. புதிய பக்கற்றை மட்டும் பிந்தாமல் தொடங்குங்கள்.

குளிசை போட்டு 3 மணித்தியாலத்துக்குள் வாந்தி எடுத்தால் அதுவும் விடுபட்டதுபோலத்தான், இன்னொன்றைப் போடுங்கள். காசநோய்க்குக் கொடுக்கும் ரிபாம்பிசின், வலிப்புக்குக் கொடுக்கும் காபமசெபின், பெனிற்றொயின் போன்றவை குளிசையின் வேலையைக் குறைக்கும். தடிமனுக்கோ தொண்டை நோவுக்கோ கொடுக்கும் வழமையான அமொக்சிசிலின் அப்படிச் செய்வதில்லை. பாலூட்டும் தாய்மாருக்குக் கொடுக்கும் ஒற்றை ஓமோன் குளிசைகளுக்கு விதி வேறு. அவற்றில் பழைய வகைகளை 3 மணித்தியாலத்துக்கு மேல் பிந்தினாலே விடுபட்டதாகக் கொள்ள வேண்டும். உங்களுடையது எது என்று கேட்டு வைத்திருங்கள்.

சரி, குளிசை விடுபட்டது, நாளும் பிந்திவிட்டது. இப்போது என்ன? பரிசோதனை செய்யுங்கள். கரு கருப்பையில் பதிந்த பிறகுதான் எச்.சி.ஜி. என்ற ஓமோன் சுரக்கத் தொடங்கும். பட்டி கண்டுபிடிப்பது அதைத்தான். மாதவிடாய் வரவேண்டிய நாள் தவறிய பிறகு செய்தால் பெரும்பாலும் நம்பலாம். குளிசை குழம்பியதால் எந்த நாள் வரவேண்டும் என்றே தெரியாவிட்டால், பாதுகாப்பில்லாத கடைசி உறவிலிருந்து 21 நாட்களை எண்ணிச் செய்யுங்கள். காலையில் முதற் சிறுநீர் நல்லது. இரண்டாவது கோடு மங்கலாகத் தெரிந்தாலும் அது ‘ஆம்’ தான். ‘இல்லை’ என்று வந்து, மாதவிடாயும் வராவிட்டால், ஒரு கிழமை கழித்து மறுபடி செய்யுங்கள். முடிவு தெரியும்வரை குளிசையை நிறுத்தத் தேவையில்லை. தெரியாமல் கர்ப்பத்தின் தொடக்கத்தில் கருத்தடைக் குளிசை போட்டதனால் பிள்ளைக்கு ஊனம் வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கர்ப்பம் உறுதியானால் நிறுத்துங்கள்.

பரிசோதனை இல்லை என்றால் ஏன் பிந்தியது? பல காரணம் உண்டு. குளிசையே கருப்பை அகவணியை மெல்லியதாக்குவதால் சிலருக்கு ஒரு மாதம் இரத்தப்போக்கு வராமலே போகும். குளிசையை நிறுத்தியவர்களுக்கு ஒழுங்கு திரும்ப மூன்று மாதம்வரை செல்லலாம். ஆனால் அந்த இடைவெளியில், முதல் மாதவிடாய் வருவதற்கு முன்னரே கர்ப்பம் தரிக்கலாம். தைரொயிட், பி.சி.ஓ.எஸ்., சடுதியான உடல் மெலிவு, மனவழுத்தம் எல்லாம் நாளைத் தள்ளும். 1995 இடப்பெயர்வில் தென்மராட்சியில் ஒரு வீட்டில் பல குடும்பங்களாக இருந்தபோது, "எனக்கு மூன்று மாதமாய் ஒன்றையும் காணேல்லை" என்று அம்மாவும் மாமியும் குசுகுசுத்தது எனக்கு நினைவிருக்கிறது. பட்டினியும் பயமும் மூளையிலிருந்து சூலகத்துக்குப் போகும் செய்தியை நிறுத்திவிடும் என்பதைப் பிறகுதான் மருத்துவ பீடத்தில் படித்தேன். மூன்று மாதத்துக்கு மேல் வராவிட்டால் காரணம் தேட வேண்டும்.

நாற்பதைத் தாண்டிய என் வகுப்புத் தோழிகளுக்கு ஒரு வார்த்தை. "எனக்கு நிற்கிற காலம் வந்திட்டுது" என்று நீங்களே முடிவெடுக்காதீர்கள். 44 வயதில் அப்படி நினைத்து, வயிறு ஊதுது என்று வந்த ஒருவருக்கு ஸ்கானில் ஐந்து மாதப் பிள்ளையைக் காட்டியிருக்கிறேன். அந்த வயதில் பிரஷர், சலரோகம் எல்லாம் பார்க்க வேண்டிய ஐந்து மாதம் கவனிப்பில்லாமல் போய்விட்டது. 35 வயதுக்கு மேல் புகைப்பவர்கள், பிரஷர் உள்ளவர்கள், கண்ணில் மின்னல் தெரிந்து பிறகு தலையிடி வரும் மைக்ரேன் உள்ளவர்கள், முன்பு இரத்தக்கட்டி வந்தவர்கள் ஆகியோருக்கு இரட்டை ஓமோன் குளிசை ஏற்றதல்ல. வேறு வழிகள் உண்டு, கேளுங்கள்.

நல்லூர்த் திருவிழா 25 நாள். அந்தக் காலத்தில் என்னிடம் அதிகம் கேட்கப்படுவது, மாதவிடாயைத் தள்ளிப்போடும் குளிசை. நோரெதிஸ்தரோன் என்ற மருந்து அது. கோயிலுக்குப் போவதும் போகாததும் உங்கள் விருப்பம், அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் அது கருத்தடைக் குளிசை அல்ல. "இதுவும் ஓமோன் குளிசைதானே" என்று கருத்தடைக் குளிசையை நிறுத்திவிட்டு இதைப் போட்டவர்கள் உண்டு. அது ஆபத்து. கருத்தடைக் குளிசை போடுபவருக்கு இது தேவையே இல்லை. மண்ணிறக் குளிசைகளை விட்டு அடுத்த பக்கற்றின் வெள்ளையைத் தொடர்ந்தால் மாதவிடாய் தானே தள்ளிப்போகும்.

வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கும் ஒன்று. ஓகஸ்ற்றில் லண்டனில் இரவு 9 மணி என்றால் இங்கே அதிகாலை 1.30. அந்த நேரத்தில் எழும்பிக் குளிசை போட ஒருவராலும் முடியாது. ஆகவே இங்கு வந்த முதல் நாளே இங்கத்தைய இரவு 9 மணிக்குப் போட்டுவிடுங்கள். இடைவெளி 24 மணித்தியாலத்திலும் குறைந்தால் பிழையில்லை, கூடத்தான் கூடாது. பக்கற்றைக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் அல்ல.

அவசர கருத்தடைக் குளிசை பற்றி. லெவனோஜெஸ்ற்றல் 1.5 மில்லிகிராம், 72 மணித்தியாலத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு முந்திப் போடுகிறீர்களோ அவ்வளவு நல்லது. பாமசிகளில் கிடைக்கும். 5 நாட்களுக்குள் செப்பு லூப் பொருத்துவது அதைவிடப் பலமானது. இந்தக் குளிசை சூல் வெளிவருவதைப் பிந்தவைக்கிறது. ஏற்கெனவே பதிந்த கர்ப்பத்தை அது கலைப்பதில்லை. இதைப் போட்டபின் மாதவிடாய் சில நாள் முந்தலாம், பிந்தலாம். ஒரு கிழமைக்கு மேல் பிந்தினால் பரிசோதியுங்கள்.

இனி நான் மறக்க முடியாத ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். வயது 37, இரண்டு பிள்ளைகள். மாமியாரின் செத்தவீடு. வீடு நிறையச் சனம், புதிய பக்கற்றின் முதற் கிழமையில் நான்கு குளிசைகள் விடுபட்டன. எட்டுச் செலவு முடிந்த பிறகு மீதியைத் தொடர்ந்தார். அந்த மாதம் வழமையான இரத்தப்போக்குக்குப் பதிலாக இரண்டு நாள் கொஞ்சம் பட்டது. அதையே மாதவிடாய் என்று எடுத்துக்கொண்டார். பிறகு வலப்பக்க அடிவயிற்றில் நோ. அந்தியேட்டி முடிந்து கொஞ்ச நாளில் இந்தக் கதையா என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. இஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டு ஐந்து நாள் இருந்தார். ஆறாம் நாள் கிணற்றடியில் மயங்கி விழுந்தார். கரு கருப்பைக்கு வெளியே, குழாயில் தங்கி, குழாய் வெடித்திருந்தது. உடனே சத்திரசிகிச்சை, மூன்று பைன்ற் இரத்தம். பிழைத்தார். கண் விழித்ததும் என் கையைப் பிடித்துச் சொன்ன முதல் வார்த்தை, "டொக்டர், ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ." தான் உயிரோடு இருக்கிறேனா என்றுகூட அவர் கேட்கவில்லை.

ஆகவே இதை நினைவில் வையுங்கள். நாள் பிந்தி, அல்லது மாறுபட்ட இரத்தக்கசிவு வந்து, அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் நோ, தோள்மூட்டு நுனியில் நோ, தலைசுற்று, மயக்கம் இவற்றில் ஏதாவது இருந்தால், விடியட்டும் என்று காத்திராமல் வைத்தியசாலைக்கு வாருங்கள்.

கர்ப்பம் என்று உறுதியானால், அது விரும்பியதாக இருந்தால் அன்றே போலிக் அமிலத்தைத் தொடங்கி, உங்கள் பிரிவுக் குடும்பநல உத்தியோகத்தரிடம், நாங்கள் மிட்வைஃப் என்று சொல்பவரிடம், பதியுங்கள். களுத்துறையில் 1926இல் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலத்திலிருந்து, எங்கள் நாட்டில் தாய் சேய் நலனின் முதுகெலும்பு அவர்கள்தான். கருத்தடைக் குளிசையும் ஊசியும் லூப்பும் இலவசமாகக் கிடைப்பதும் அவர்கள் வழியாகத்தான்.

விரும்பாத கர்ப்பமாக இருந்தால்? இதையும் பேசத்தான் வேண்டும். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைப்படி, தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்காக அன்றிக் கருவைக் கலைப்பது இலங்கையில் குற்றம். நீங்கள் வாழும் மற்ற நாடுகளில் சட்டம் வேறு. இங்கே சட்டம் இப்படி இருப்பதால் சிலர் இரகசியமாக விற்கும் குளிசைகளை வாங்கிப் போடுகிறார்கள், யாரோ ஒருவரின் பின்வீட்டு அறைக்குப் போகிறார்கள். இரத்தம் பெருகியும் கிருமி தொற்றியும் வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதலில் ஒரு வைத்தியரிடம் வாருங்கள், தனியே முடிவெடுக்காதீர்கள். ஏற்கெனவே ஏதாவது நடந்துவிட்டிருந்தால், காய்ச்சலோ பெரிய இரத்தப்போக்கோ இருந்தால், என்ன செய்தீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். சிகிச்சை தருவது எங்கள் கடமை.

திருமணமாகாத தங்கைமார் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். உங்களுக்கும் இதெல்லாம் பொருந்தும். சிறுநீர்ப் பரிசோதனைக்குத் திருமணப் பதிவு தேவையில்லை. தாய்மாரே, மகள் நாள் பிந்திப்போச்சு என்று சொன்னால் முதலில் ஏசாதீர்கள். அவள் உங்களிடம் சொன்னதே பெரிய விடயம். ஏசினால் அடுத்த முறை சொல்ல மாட்டாள், கிணற்றடியில் விழும்வரை சொல்ல மாட்டாள். கணவன்மாருக்கும் வீட்டில் சொல்லுங்கள். குளிசையை நினைவில் வைத்திருப்பது ஒருவருடைய வேலை மட்டுமல்ல, அந்த 7 நாள் ஆணுறை அவருடைய பங்கு.

கடைசியாக அதிபர் அவர்களிடம் ஒரு சிறு விண்ணப்பம். இந்தக் கல்லூரி நூறு ஆண்டுகளாக எங்களைப் பேசவும் எழுதவும் பழக்கியது. இனிவரும் பிள்ளைகளுக்கு அந்த ஓர் அத்தியாயத்தை வகுப்பிலேயே படிப்பியுங்கள். ரீச்சருக்குக் கூச்சமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், ஆண்டுக்கு ஒருமுறை நான் வருவேன். இப்போது கேள்விகளுக்கு நேரம் இருக்கிறது. சபையில் கேட்க விருப்பமில்லாதவர்கள் துண்டில் எழுதித் தாருங்கள், பெயர் வேண்டாம்.